தென்னையோடு சேர்ந்து வரும் சொற்கள்

உன் மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் உண்டு. “போன்ல எதத் தேடுனாலும் மொதல்ல வர்றாப்புல என்ற புள்ள செஞ்சுபோடுவாளுங்க.” நான் அதைத் திருத்தியதில்லை. கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நான் செய்வது கிட்டத்தட்ட அதுதான்.

அப்பா பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத் தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போவார். அம்மாவுக்குக் கொப்பரைக் களத்தில் வேலை. இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். கல்லூரி முடித்தவளும் நான் ஒருத்திதான். இதை நான் மெல்லச் சொல்லும் வழக்கமில்லை, எல்லோரிடமும் சத்தமாகவே சொல்வேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் குழுவின் தலைவி ஒரு விஷயம் சொன்னார். அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். “தென்னை தென்னைன்னு நூறு தடவ எழுதி வெச்சா, தேடுபொறி அதத் தூக்கிக் கடாசிரும். தென்னையப் பத்தி நெசமாவே தெரிஞ்ச ஒரு ஆளு பேசுனா கூடவே என்னென்ன வார்த்தை வரும்? பாளை வரும், மட்டை வரும், குலை வரும். அதெல்லாம் பக்கத்துல இருந்தாத்தான் இது வெவரம் தெரிஞ்சவன் எழுதுனதுன்னு அது நம்பும்.” அதற்கென்று ஒரு கருவியும் இருந்தது. முக்கியமான சொல்லைப் போட்டால், அந்தச் சொல்லைத் தேடியவர்கள் அதனோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் தேடினார்கள் என்று ஒரு பட்டியல் கொட்டும். அந்தச் சொற்களை நாங்கள் எழுதும் இணையப் பக்கத்துக்குள் வலிக்காமல் நுழைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. ஆறே மாதத்தில் என் பக்கங்களை மற்றவர்களுக்குக் காட்டிப் பாடம் எடுத்தார் அக்கா.

போன வருடம் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். தென்னை வேரில் கட்டும் மருந்து. மண்ணைத் தோண்டி, உயிருள்ள ஒரு வேரைச் சாய்வாக வெட்டி, மருந்து ஊற்றிய பாலிதீன் பைக்குள் அதை விட்டுக் கட்டிவிட்டால் மரம் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாத் தோப்பிலும் பார்க்கிற காரியம்தான்.

“வாடல் நோயி வந்ததுல இருந்து சனங்க தவிச்சுப்போயிக் கெடக்குறாங்க. என்ற பக்கத்துக்கு ஒரு ஈ காக்கா வர மாட்டேங்குதுங்க,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏனுங் அம்மணி, நீங்க பொள்ளாச்சிங்களா? அப்ப உங்களுக்கு நாஞ்சொல்லவே வேண்டாம்.”

குரல் அவ்வளவு மென்மை. ஒரே ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மருந்தில் என்னென்ன சத்துகள், எப்படிக் கட்டுவது, அவ்வளவுதான் அதில் இருந்தது. ஏற்கெனவே யாரோ அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாடப்புத்தகத் தமிழ். ‘தென்னையில் வேர் வாடல் நோய் மேலாண்மை’ என்று தலைப்பு. மரத்தடியில் நிற்கிற எவனும் போனை வாயருகே வைத்துக்கொண்டு மேலாண்மை என்று பேச மாட்டான். இப்போது எங்கள் ஊரில் பாதிப்பேர் தட்டச்சு செய்வதில்லை, மைக்கை அழுத்திப் பேசுகிறார்கள். ஊர்ப் பேச்சில் என்ன சொல்கிறார்களோ அதுதான் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். முதலில் அம்மா வேலை செய்யும் கொப்பரைக் களம். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, தென்னைக்குச் சீக்கு வந்தால் என்னென்ன ஆகும் என்று பெண்களிடம் கேட்டேன்.

“நாங்க பேசுறத எழுதறதுக்கா இத்தன வருசம் படிச்ச?” என்றாள் ஒருத்தி.

“அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களாம். அப்ப நமக்கும் பாதி வரோணுமில்ல?”

“உனக்குக் குடுத்தா கெட்ட வார்த்தையாத்தான் எழுதுவ, போடி அக்கட்டால.”

சிரிப்புக்கு நடுவே நல்ல சொற்கள் கிடைத்தன. சாயங்காலம் மாமாவின் தோப்புக்குப் போனேன்.

மாமா, அம்மாவின் தம்பி. இருபத்தைந்து வருடம் அடுத்தவர் தோப்புகளில் மரம் ஏறி, ஆனைமலைப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கி, அறுபத்து நான்கு கன்று வைத்து, எல்லாவற்றையும் காய்ப்புக்குக் கொண்டுவந்தவர். எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் சொந்தமாக மண் என்று இருப்பது அந்த ஒரு ஏக்கர்தான். இடுப்பு போய்விட்டதால் அவரால் இனி மரம் ஏற முடியாது. வேறு வேலை தெரியாது. அத்தையும், பதினோராம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகளும், அவரும் அந்த அறுபத்து நான்கு மரங்களை நம்பித்தான் இருந்தார்கள்.

“நாம்பேசுறத எழுதிப்போட்டு எம்பேரப் போடாம உட்றாத கண்ணு,” என்றபடி என்னை வடக்கு வேலி ஓரமாகக் கூட்டிப் போனார். “இந்த ஓரத்து மரம் ஒண்ணு மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குது. ஓல பாரு, வெலா எலும்பாட்ட உள்ளுக்கு வளையுது. மட்ட மஞ்சளாப் போவுது. குரும்பையும் கொட்டுது.”

பிஞ்சுக் காய்களைத்தான் குரும்பை என்கிறோம். நான்கைந்து கீழே கிடந்தன. மெதுவாக இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். காற்றுச் சத்தம் விழுந்துவிட்டது என்று மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன். “பரீட்சைக்கு ஒப்பிக்கறாப்புல இருக்குது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மரத்தைப் பார்க்கவில்லை. திரையில் ஒலிப்பதிவின் கோடுகள் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாக்கியத்தை அப்படியே பக்கத்தின் தலைப்பாக்கினேன்.

பிறகு கருவியில் போட்டுப் பார்த்தேன். தென்னை நோய் என்ற சொல்லோடு சேர்ந்து வந்தவை: குணமாக, எத்தனை நாளில், மரத்தை வெட்டாமல், நிரந்தரத் தீர்வு. இந்தச் சொற்கள் இல்லாத பக்கத்தைத் தேடுபொறி மதிக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் கண்டுபிடித்தேன். ‘எத்தனை நாளில் குணமாகும்?’ என்று ஒரு துணைத் தலைப்பு. தலைப்புக் கேள்வியாக இருந்தால் கீழே பதில் இருக்க வேண்டும். தாளில் அதற்குப் பதில் இல்லை. பொறுமையாகத் தொடர்ந்து கட்டி வந்தால் புதுக் குருத்து பச்சையாக வரும் என்று எழுதினேன். எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது யோசித்துப் பார்த்தால், எங்கிருந்தும் எடுக்கவில்லை. அந்த இடத்தில் அந்த வாக்கியம் பொருத்தமாக இருந்தது. மருந்து வேலை செய்யுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அக்கா படித்துவிட்டு, “நீ தென்னமரத்துலதான் பொறந்தியா?” என்றார். மருந்துக்காரர் போனில் கூப்பிட்டு, “நானே பேசுனாப்புல இருக்குதுங்க அம்மணி” என்றார்.

பக்கம் முதலில் எங்கோ ஆழத்தில் கிடந்தது. தினமும் காலையில் வந்ததும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். மெல்ல மேலே ஏறியது. ஒரு திங்கட்கிழமை முதல் இடத்தில் நின்றது. கீழே பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரன் மேட்டுப்பாளையத்துப் பையன். உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பக்கம் எழுதுபவன். “இனிமேட்டு பொள்ளாச்சில தென்னமரம் தும்முனாக்கூட உன்னையத்தான் கேப்பாங்க,” என்றான். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பக்கத்திலேயே ஒரு கேள்விப் பெட்டி வைத்திருந்தோம். மைக்கை அழுத்திப் பேசினால் போதும். பேசுபவரின் எண் மருந்துக்காரருக்குப் போகும். பேச்சு மட்டும் எழுத்தாக மாறி எனக்கு வரும். அதிலிருந்து புதுச் சொற்களைப் பொறுக்கிப் பக்கத்தில் சேர்ப்பது என் வேலை. முதலில் படிக்கச் சிரிப்பாக இருந்தது. பக்கத்தில் நிற்பவர்களோடு பேசுவதும் சேர்ந்து பதிவாகிவிடும்.

‘கம்முனு இரு சாமி தென்ன ஓல வெளுக்குது என்ன மருந்து’

‘ஆட்டப் புடிச்சுக் கட்டுடி ஏனுங்க குரும்ப கொட்டுது’

இரண்டு மாதம் போயிற்று. கேள்விகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின.

‘ரெண்டு தடவ கட்டியாச்சுங்க இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது’

‘மூணாந்தடவ கட்டிப்போட்டேன் பக்கத்து மரமும் அப்பிடியே ஆவுது’

‘ஏனுங்க யாராச்சும் இருக்கறீங்களா’

கடைசியாக உள்ளதைப் போன்றவை அதிகமாகிக்கொண்டே வந்தன. முகம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. காலையில் கணினியைத் திறந்தால் வரிசையாக நிற்கும். நான் என்ன செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ‘மருந்து கட்டியும் இன்னும் குணமாகவில்லையா?’ என்று இன்னொரு துணைத் தலைப்பு சேர்த்தேன். கேள்விகளில் அடிக்கடி வந்த சொற்கள் அவை. சேர்த்த வாரத்தில் வருகிறவர்கள் இன்னும் கூடினார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா முகத்தில் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தன. வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் தோப்புக்கு வந்து, வடக்கு ஓரத்து நான்கு மரங்களில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறார். நோய் முற்றிவிட்டது, உடனே வெட்டுங்கள், விட்டால் பூச்சிகள் மற்ற மரங்களுக்கும் கொண்டுபோய்விடும் என்று சொல்லியிருக்கிறார்.

“காய்க்கற மரத்த வெட்டச் சொல்றானே, அவனுக்குக் கை கூசாது? ஒரு நாளாச்சும் மரம் ஏறியிருப்பானா அவன்?” என்றார் மாமா. “நல்ல வேள, மருந்து கெடச்சுப்போச்சு கண்ணு. இரு, கேளு.”

போனை அழுத்தித் தரையில் வைத்தார். அது என் பக்கத்தை வாசித்தது. ஒரு பெண்ணின் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல். ஓலை விலா எலும்பாட்டம் உள்ளுக்கு வளையுதா, மட்டை மஞ்சளாப் போவுதா, குரும்பை கொட்டுதா. அப்பா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

“பாத்தியாக்கா? எவனோ நம்மூர்க்காரந்தான். மரத்தடியில நின்னு பாத்தவந்தான் இப்பிடிச் சொல்ல முடியும். நாம் பேசறாப்புலயே இருக்குது,” என்றார் மாமா. அவர் பேசியதுதான் அது. எதற்காகப் பதிவு செய்கிறேன் என்று நான் அன்று சொல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. அவர் காதுக்கு அது இன்னொருவர் சொல்லும் சாட்சியாகவே கேட்டது.

அம்மா சொன்னாள். “எதுக்கும் புள்ளையக் கேளு. படிச்சவ அவதான்.”

மாமா என் பக்கம் திரும்பினார். “சொல்லு கண்ணு. இத நம்பலாமா?”

யாருக்காக எழுதுகிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்று சொல்லலாம். ஆனால் அதுமட்டும் இல்லை. என் எழுத்தை எங்கள் வீட்டில் நான்கு பேர் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நல்ல பக்கம்தாங்க மாமா. நம்பலாம்,” என்றேன்.

கிளம்பும் முன் தோப்பைப் பார்த்துவிட்டுப் போ என்று கூட்டிப் போனார். சிவப்புக் கோடு போட்ட நான்கு மரங்களின் அடியிலும் மண் தோண்டி, வேரில் பாலிதீன் பை கட்டியிருந்தது. பழுப்பு நிறத்தில் மருந்து பாதிக்கு இறங்கியிருந்தது. “குடிக்குது பாரு,” என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் தோப்பு. அங்கேயும் இரண்டு மரங்களில் அதே பைகள் கட்டியிருந்தன. நான் அண்ணாந்து பார்த்தேன். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தேன். கோடு போடாத ஐந்தாவது மரத்தின் ஓலைகளும் உள்ளுக்கு வளையத் தொடங்கியிருந்தன.

பஸ்ஸில் கிணத்துக்கடவு தாண்டும்போது போனை எடுத்து, என் பக்கத்தைத் தள்ளிவிட்டு அதற்குக் கீழே உள்ளவற்றைத் தேடினேன். விரல் வலிக்கத் தள்ளிய பிறகு ஒரு அரசுப் பக்கம் கிடைத்தது. இறுகிய தமிழ், நீண்ட வாக்கியங்கள். யாரும் பேசாத சொற்களில் எல்லாம் சரியாக எழுதியிருந்தது. இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. சத்துக் கொடுத்தால் லேசாகப் பாதித்த மரங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முற்றிய மரங்களை அப்புறப்படுத்தாவிட்டால் பரவும். இதைப் படிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. எழுதுவதற்கு முன் அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இருந்தது.

மறுநாள் மருந்துக்காரரைக் கூப்பிட்டேன். குணமாகும் என்று எழுதியிருப்பது சரியில்லை என்றேன்.

“குணமாவும்னு நான் எங்கீங்க சொன்னேன்?” என்றார். குரலில் அதே மென்மை. “என்ற தாளப் பாருங்க. சத்து மருந்துன்னுதான் போட்டிருக்குது. பாட்டில்லயும் அதேதானுங்க. குணமாவும்னு நீங்கதான் எழுதுனீங்க அம்மணி. நல்லா எழுதியிருக்கீங்க. நாம்பாட்டுக்குச் சத்து மருந்து வித்துட்டு இருக்கறேன்.”

தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

அக்காவிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. “வார்த்தையத்தானே மாத்தோணும், மாத்திரு,” என்றார். குணமாகும், நிரந்தரத் தீர்வு, வெட்டாமல் எல்லாவற்றையும் அன்றே எடுத்தேன். வெட்ட வேண்டிய மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்று ஒரு பத்தியும் சேர்த்தேன். இரண்டு வாரத்தில் பக்கம் கீழே இறங்கியது. அது இருந்த இடத்துக்கு வேறு பக்கங்கள் வந்தன. திறந்து பார்த்தேன். வேறு பாட்டில், வேறு ஆள், என் பழைய வாக்கியங்கள். ஒரு எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஓலை விலா எலும்பாட்டம் வளைவது ஏழு இடத்தில் இருந்தது.

“திருடுறாங்கன்னா சரக்கு நல்லாருக்குதுன்னு அர்த்தம்,” என்றான் மேட்டுப்பாளையத்துப் பையன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராக மாமாவின் தோப்புக்குப் போனேன். வடக்கு ஓரத்திலிருந்து எண்ணினேன். ஒன்பது. மாமா வேரில் பை கட்டிக்கொண்டிருந்தார். குனிய முடியாமல் மண்ணில் உட்கார்ந்தே கட்டினார்.

“மாமா, போன்ல கேட்டீங்களே அந்தப் பக்கம், அத எழுதுனது நாந்தானுங்க,” என்றேன்.

அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

“நீ எழுதுனதா?”

“ஆமாங்க. நீங்க பேசுனத வெச்சு எழுதுனேன். அதுல இருக்கறது நெசம் இல்லீங்க மாமா. அந்த நோய்க்கு மருந்தே கெடையாது.”

பாதியைத்தான் அவர் கேட்டார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. தோப்பு வீடான சாளைப் பக்கம் திரும்பி அத்தையைக் கூப்பிட்டார். “ஏ, இங்க வா! போன்ல பேசுதே மருந்துப் பக்கம், அது நம்ம புள்ள எழுதுனதாம்! நாந்தான் அப்பவே சொன்னனே, நம்மாளு ஒருத்தருன்னு!”

“மாமா, நான் சொல்றதக் கேளுங்க. அது பொய்யிங்க.”

“நீ எழுதுனா எப்பிடிக் கண்ணு பொய்யா இருக்கும்?”

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த தோப்புக்காரர் நின்றிருந்தார். மாமா அவரிடமும் சத்தமாகச் சொன்னார். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். “நல்லா இருக்கோணும் அம்மணி. உங்க பக்கத்தக் கேட்டுத்தான் நானும் மரத்த வெட்டாம உட்டேன்,” என்றார். நான் அவருக்கும் சொன்னேன். மருந்து இல்லை, வெட்டித்தான் ஆக வேண்டும், நான் எழுதியது தப்பு என்று வேலியோரம் நின்று தொண்டை கட்டச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “செரிங்க, பாக்கலாமுங்க,” என்றார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் முடியாது என்று பொருள்.

அம்மாவை வரவழைத்தேன். அவள் தம்பியிடம் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினாள். நான் அழுதேன். சண்டையும் போட்டேன். கடைசியில் மாமா இறங்கி வந்தார். கோடு போட்ட நான்கை மட்டும் வெட்டலாம், அதுவும் உனக்காக என்றார். ஒன்பது என்றேன். நான்கு என்றார். வேளாண்மை அலுவலகத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் நான்கையாவது வெட்டுங்கள், மற்றதை வந்து பார்க்கிறேன் என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை மரம் அறுப்பவர் இயந்திர வாளோடு வந்தார். அவருக்கும் மாமாவுக்கும் பழைய பழக்கம். ஒரே தோப்பில் ஒன்றாக மரம் ஏறியவர்கள்.

“ஏண்டா, நீ வெச்ச மரத்த என்னைய வெட்டச் சொல்ற?”

“என்ற மாப்பள மாதிரி வந்து நின்னுட்டுக் கேள்வி கேக்காத. வேலையப் பாரு.”

அவர் வாளைக் கிளப்பினார். முதல் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. மாமா கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். திடீரென்று இரு, இரு என்று கையைக் காட்டினார். வாள் நின்றது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மைக்கை அழுத்தினார்.

“தென்ன மட்ட மஞ்சளாப் போவுதுங்க. மரத்த வெட்டறதுங்களா, வேண்டாமுங்களா?”

போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு அதே பெண் குரல். எந்தப் பக்கத்தை வாசித்தது என்று தெரியவில்லை. அந்த ஏழில் ஏதோ ஒன்று. வார்த்தைகள் என்னுடையவை. கவலைப்படாதீங்க, மரத்தை வெட்டாமலே குணப்படுத்தலாமுங்க, பொறுமையா மருந்து கட்டி வந்தா புதுக் குருத்து பச்சையா வருமுங்க.

அறுப்பவர் வாளைத் தரையில் வைத்தார்.

“மாமா, அது நான் எழுதுனதத்தான் திருடி வெச்சிருக்காங்க. நான் அன்னிக்கே சொன்னனே,” என்றேன்.

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். “நீ அன்னிக்கு நம்பலாம்னு சொன்ன. இன்னிக்கு வேண்டாங்கற. போனு அன்னிக்குச் சொன்னதத்தான் இன்னிக்கும் சொல்லுது,” என்றார். “ஒரு வெட்டுப் பொறுத்துப் பாக்கலாங் கண்ணு.”

ஒரு வெட்டு என்றால் அடுத்த தடவை காய் பறிக்கும் வரை, ஒன்றரை மாதம். அறுப்பவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கயிற்றை அவிழ்த்துச் சுற்றினார். அத்தை அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, வண்டியில் வாளைக் கட்டிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் இரண்டு வெட்டு முடிந்துவிட்டது. நான் இன்னும் அதே மேசையில்தான் உட்காருகிறேன். மருந்துக்காரரின் வேலையை வேறு ஒருத்தி பார்க்கிறாள். நான் பணம் வாங்காமல், என் பொறுப்பில், ஒரு பக்கம் எழுதினேன். அறிந்த உத்தி எல்லாவற்றையும் அதில் போட்டேன். மாமாவின் பேச்சு, களத்துப் பெண்களின் பேச்சு, எல்லாம் இருக்கின்றன. ஆனால் மருந்து இல்லை என்று சொல்லும் பக்கத்தில் குணமாக, எத்தனை நாளில், நிரந்தரத் தீர்வு என்ற சொற்களை எங்கே வைப்பது? இல்லை, ஆகாது, கிடையாது என்ற சொற்களோடு சேர்த்துத்தான் வைக்க முடிந்தது. வந்தவர்கள் இரண்டு வரி படித்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். வந்தவர்கள் நிற்காத பக்கத்தைத் தேடுபொறி கீழே தள்ளுகிறது. இன்று காலையில் பார்த்தபோது அது தேடல் முடிவுகளின் மூன்றாவது திரையில் இருந்தது. விட்டுவிட மாட்டேன். எழுதத் தெரிந்தவள் என்ற பெருமை எனக்கு இப்போதும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது இருபத்து மூன்று மரங்கள். கிணற்றடி வரிசைக்கு வந்துவிட்டது. மாமா இப்போது குரும்பைகளைக் கூட்டி ஒதுக்குவதில்லை. நடக்கும்போது காலில் இடறுகின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் எத்தனை என்று நான் எண்ணவில்லை. இங்கிருந்து பார்த்தாலே மஞ்சள் தெரிகிறது.

அந்தத் தோப்புக்காரர் நேற்று, எதற்கென்று சொல்லாமல், அம்மாவிடம் என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். இன்னும் அழைக்கவில்லை.